ஜாலான் அம்பாஸ் 8-ஆம் எண்: ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ படத்தின் திரைக்குப் பின்னால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது தொலைக்காட்சியில் பழைய மலாய்ப் படங்கள் வரத் தொடங்கும். உடனே எனக்கும் கேள்விகள் வரத் தொடங்கும். “அந்த மூன்று பேர் படம் எங்கே எடுத்தது?”, “அதில் நம்ம ஆட்கள் யாராவது வேலை பார்த்தார்களா?”, “அந்த ஸ்டூடியோ இன்னும் இருக்கிறதா?” நான் சிங்கப்பூரில் வாம்போ வட்டாரத்தில் வளர்ந்தவன். வீட்டிலிருந்து நடந்தே ஜாலான் அம்பாஸுக்குப் போய்விடலாம். சிறுவனாக இருந்தபோது அங்கிருந்த அந்த ஸ்டூடியோவின் கதவைத் தாண்டித்தான் கடைக்குப் போவேன். அதற்குள் என்ன நடந்தது என்று அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அந்தச் சாலையைச் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கே: இது என்ன படம்? கதை என்ன?

1961-இல் வெளிவந்த மலாய் நகைச்சுவைப் படம். ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்தது. பி. ரம்லி இயக்கினார், நடித்தார், இசையமைத்தார், பாடினார். கல்யாணமாகாத மூன்று நண்பர்கள். கையில் காசில்லை. ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்துப் பல குடித்தனங்கள் வாழும் இடத்தில் இவர்களுக்கும் ஓர் அறை. நடிகராகிவிட வேண்டும் என்று ஸ்டூடியோ வாசலில் போய் நிற்கிறார்கள். உள்ளே நுழைவதே பெரும்பாடு. நுழைந்த பிறகு வசனம் மனப்பாடமாக வேண்டும். வீட்டுக்கு வந்து தாளை விரித்தால் ஒரு பக்கம் ஒருவர் டிரம்பெட் ஊதிப் பழகுகிறார், இன்னொரு பக்கம் ஒருவர் வீட்டுக்குள்ளேயே மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கிறார், வேறோர் அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை. இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

கே: தலைப்புக்குப் பொருள் என்ன?

‘செனிமான்’ என்றால் கலைஞன். ‘பூஜாங்’ என்றால் மணமாகாதவன். ‘லாப்போக்’ என்பது நாள்பட்டுப் பூசணம் பூத்துப்போன பொருளைச் சொல்லும் சொல். கல்யாண வயது கடந்தும் தனியாகத் திரிபவனை அப்படிக் கூப்பிடுவார்கள். 1972-இல் மலாய் எழுத்துமுறை மாற்றப்பட்ட பிறகு அந்தச் சொல்லை ‘லாப்புக்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் படத்தின் பெயரைப் பழைய எழுத்திலேயே விட்டுவிட்டார்கள்.

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பி. ரம்லியின் இயற்பெயர் தெயுக்கு சக்காரியா. அப்பா பெயர் தெயுக்கு நியாக் பூத்தே. அப்பா பெயரிலுள்ள பூத்தேதான் முன்னால் நிற்கும் ‘பி’. அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கே: மலாய்ப் படத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு எழுத என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இருப்பது நிறைய.

சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் படம் 1934-இல் வந்த ‘லைலா மஜ்னுன்’. அதை இயக்கிய பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். போர் முடிந்து படப்பிடிப்பு மறுபடி தொடங்கியபோது 1947-இல் ‘சிங்கப்பூரா டி வக்து மாலாம்’ படத்தை எடுத்ததும் அவர்தான். 1948-இல் பினாங்குப் பக்கம் புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு விழாவில் பாடிக்கொண்டிருந்த இளைஞனைக் கண்டு சிங்கப்பூருக்கு வரச் சொன்னவரும் அவரே. அந்த இளைஞன் பி. ரம்லி. வயது பத்தொன்பது.

ராஜ்ஹன்ஸுக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது. எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், பி.என். ராவ், பணி மஜும்தார். இவர்களில் பி.என். ராவை நம் தாத்தா பாட்டிமார் பெயர் தெரியாமலே அறிந்திருப்பார்கள். ரஞ்சனும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்த ‘சாலிவாகனன்’ படத்தை இயக்கியவர் அவர். அதே மனிதர்தான் இங்கே வந்து 1957-இல் ‘பொந்தியானாக்’ பேய்ப் படத்தை எடுத்து, மலாய்ப் பேய்ப் பட வரிசைக்கே பிள்ளையார் சுழி போட்டார். தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அவர் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கிறது; மலாய்த் திரைப்பட வரலாற்றில் நடுவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு.

எல். கிருஷ்ணன் கதை இன்னும் நெருக்கமானது. மதராஸில் பிறந்து, சின்ன வயதிலேயே மலாயாவுக்கு வந்து, இங்கேயே வளர்ந்தவர். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களுக்கு மலாய் தெரியாது. நடிகர்களுக்கு அவர்கள் மொழி புரியாது. இடையில் நின்று சொல்லிக் கொடுக்க இரு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். கிருஷ்ணன் அப்படித்தான் உள்ளே வந்தார், சீக்கிரமே இயக்குநரும் ஆனார். 1950-இல் அவர் எடுத்த ‘பக்தி’ படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன். அதுவரை வில்லன் வேடமும் பிறருக்குப் பின்னணிக் குரலுமாக இருந்தவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர் நம்மைப் போல வீட்டில் தமிழ் பேசிய ஒருவர். பிற்காலத்தில் மலேசியாவில் டான் ஸ்ரீ பட்டம் வரை அவருக்குக் கிடைத்தது.

பி. ரம்லியின் படங்களில் பெயர் வரிசை ஓடும்போது படத்தொகுப்பு என்ற இடத்தில் கண்ணை வையுங்கள். எச்.ஆர். நாராயணா என்று வரும். நகைச்சுவைப் படத்தில் சிரிப்பு எந்த நொடியில் வெடிக்க வேண்டும் என்பதைத் தொகுப்பு மேசையில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். அந்த மேசையில் ஓர் இந்தியர் இருந்தார்.

கே: ஏன் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள்?

ஷா சகோதரர்கள் முதலில் திரையரங்கு முதலாளிகள். எந்தப் படத்துக்குக் கூட்டம் வருகிறது என்பது டிக்கெட் விற்பனையிலேயே தெரிந்துவிடும். மலாய் ரசிகர்கள் இந்தியப் படங்களை, அதிலும் பாட்டுகளை, விரும்பிப் பார்த்தார்கள். பாட்டும் கண்ணீரும் சண்டையும் சேர்ந்த படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள்.

அதைவிடப் பழைய உறவு ஒன்றும் உண்டு. மலாய் நடிகர்களில் பலர் ‘பங்சாவான்’ நாடகக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அந்த நாடக மரபே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து வளர்ந்தது. நம் தமிழ் சினிமாவுக்குப் பாய்ஸ் கம்பெனிகள் எப்படியோ மலாய் சினிமாவுக்குப் பங்சாவான் அப்படி. ஆகவே இந்திய இயக்குநரும் பங்சாவான் நடிகரும் சந்தித்தபோது, மொழி புரியாவிட்டாலும் காட்சியின் போக்கு இருவருக்கும் பழக்கப்பட்டதாக இருந்தது.

குறையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. இந்திய இயக்குநர்களின் கதைகளில் மலாய்க்காரர் வாழ்க்கை இல்லை, இந்திய வாழ்க்கைக்கு மலாய் உடை போட்டிருக்கிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு எழுந்தது. அது நியாயமான பேச்சு. 1955-இல் பி. ரம்லி தன் முதல் படமான ‘பெனாரெக் பேச்சா’வை இயக்கிய பிறகு நிலைமை மாறியது. ஜமில் சூலோங், ஓமார் ரோஜிக் என்று மலாய் இயக்குநர்கள் வரிசையாக வந்தார்கள். ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ வந்த காலத்தில் இயக்குநர் நாற்காலி பெரும்பாலும் கைமாறிவிட்டது.

கே: படத்தில் தெரியும் ஸ்டூடியோ நிஜமா, செட்டா?

நிஜம். பாலஸ்டியர் சாலையிலிருந்து பிரியும் ஜாலான் அம்பாஸ், 8-ஆம் எண். படத்தைத் தயாரித்த அதே ஸ்டூடியோ தன் வாசலையும் படப்பிடிப்புத் தளத்தையும் காட்டித் தன்னைப் பற்றியே எடுத்த படம் இது.

எனக்கு இந்தப் படத்தின்மீது இவ்வளவு பற்று இருப்பதற்குக் காரணமே இதுதான். செலவு என்று பார்த்தால் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. ஸ்டூடியோவைப் போல ஒரு செட் போட வேண்டாம், ஸ்டூடியோவே இருக்கிறது. கேமரா என்ற பொருள் காட்சியில் தெரிய வேண்டுமா? இருக்கிறது. விளக்குகள் வேண்டுமா? மேலே தொங்குகின்றன. இயக்குநராக நடிக்க ஆள் வேண்டுமா? பங்சாவான் மேடையில் பழம் தின்று கொட்டை போட்ட அகமட் நிஸ்பு சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறார். படத்துக்குள் படம் எடுப்பவராக அவர் படும் அவதியைப் பார்த்தால், இதே தளத்தில் நிஜமாகவே எத்தனை இயக்குநர்கள் இப்படித் தலையில் கை வைத்திருப்பார்கள் என்று தோன்றும்.

அந்தச் சிக்கனம் காலப்போக்கில் ஒரு பொக்கிஷமாகிவிட்டது. 1967-இல் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். உள்ளே இருந்தவை கலைந்துபோயின. ஆனால் ஒரு தளம் எப்படி இயங்கியது, வாசலில் எப்படிக் காத்திருந்தார்கள், முதலாளியின் அறையில் எப்படி நின்றார்கள் என்பதெல்லாம் அசையும் படமாக நம்மிடம் இருக்கிறது. ஆவணப்படம் என்று கிளம்பியிருந்தால்கூட இவ்வளவு உயிரோடு கிடைத்திருக்காது. சிங்கப்பூரில் எத்தனையோ தொழில்கள் தடம் தெரியாமல் மறைந்தன. இந்த ஒரு தொழில் தன் முகத்தைத் தானே பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

கே: குறைந்த செலவில் எப்படிப் படமெடுத்தார்கள்?

இன்று ஒரு படத்துக்கு ஆட்களைப் படத்துக்குப் படம் பேசி எடுக்கிறார்கள். ஜாலான் அம்பாஸ் அப்படி இல்லை. நடிகர், பாடகர், தச்சர், தையற்காரர் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும், ஆகவே ஒரு படம் முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். இந்தப் படத்தில் கதாநாயகனாக வருபவர் அடுத்த படத்தில் ஓரமாக நிற்பார். பாடகர் நடிப்பார், நடிகர் உதவி இயக்குநராக ஓடுவார். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் பூன் டெக் சாலையில் ஊழியர்களுக்குக் குடியிருப்பும் இருந்தது. நினைத்த நேரத்தில் ஆள் கிடைக்கும்.

இன்னொரு பக்கம், படம் எடுப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரே. சிங்கப்பூரிலும் மலாயா முழுவதும் ஷாவுக்குத் திரையரங்குகள் இருந்தன. போட்ட காசு தன் வீட்டு உண்டியலுக்கே திரும்பும். ஆனால் மலாய் மொழிப் படத்துக்கான கூட்டம் அளவானது. சிங்கப்பூர், மலாயா, வட போர்னியோ, வழி கிடைக்கும்போது இந்தோனேசியா, அவ்வளவுதான். தமிழ்ப் படத்துக்கோ இந்திப் படத்துக்கோ இருந்த பரந்த சந்தை கிடையாது. ஆகவே செலவைக் கட்டிப் பிடித்தே ஆக வேண்டும்.

1947 முதல் 1967 வரை இருபது ஆண்டுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த ஒரு வளாகத்திலிருந்து வந்தன. நம் புளோக்கின் கீழ்த்தளக் கடைகளை எல்லாம் சேர்த்தால் வரும் அளவுதான் இடம். அங்கே வேலை பார்த்தவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கே: சம்பளமும் வீடும் கொடுத்தார்கள் என்றால் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்களா?

இல்லை. 1954-இல் கலைஞர்கள் தங்களுக்கென ‘பெர்சாமா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். பி. ரம்லிதான் தலைவர். 1957-இல் ஊதியப் பிரச்சினையும் ஆட்களை வேலையிலிருந்து நீக்கியதும் வேலை நிறுத்தத்தில் போய் முடிந்தன. திரையில் சிரிக்க வைத்தவர்கள் ஸ்டூடியோ வாசலில் மறியல் செய்தார்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு அதே ஸ்டூடியோவின் வாசலைத்தான் இந்தப் படத்தில் பார்க்கிறோம். வேலை தேடி வரும் மூன்று ஏழைகளைக் கதவடியில் நிறுத்தி வைக்கும் காட்சியை அந்த நினைவோடு பார்க்கும்போது எனக்குச் சிரிப்பின் அடியில் வேறொன்றும் தட்டுப்படுகிறது. இது என் வாசிப்பு, பி. ரம்லி அப்படி நினைத்து எடுத்தார் என்று சொல்ல வரவில்லை.

கே: வாசலில் நிற்கும் காவலாளி யார்? அந்தக் காட்சி ஏன் இவ்வளவு பிரபலம்?

அந்தப் பாத்திரம் ஒரு சீக்கியக் காவலாளி. சிங்கப்பூர்த் தமிழில் காவலாளியை இன்றும் ‘ஜாகா’ என்கிறோம் அல்லவா, அது மலாயிலிருந்து வந்த சொல்தான். வங்கிகளிலும் கிடங்குகளிலும் சீக்கியர் ஜாகா வேலை பார்த்தது இந்த ஊரின் உண்மை நிலவரம். அதைத்தான் படம் எடுத்துக்கொண்டது.

அந்தக் காட்சியின் வேடிக்கை எங்கே இருக்கிறது என்றால், இந்த முகத்தை வைத்துக்கொண்டா நடிகனாக வந்தாய் என்று ஜாகா கேட்பது பி. ரம்லியின் முகத்தைப் பார்த்து. மலாயா முழுவதும் போஸ்டரில் இருந்த முகம் அது. முகத்தில் பருத்தழும்பு இருந்ததால் தொடக்கத்தில் அவரைக் கதாநாயகனாகப் போடத் தயங்கினார்கள் என்ற பழைய கதை தெரிந்தவர்கள் இன்னும் கூடுதலாகச் சிரித்திருப்பார்கள்.

அங்கே பேசப்படுவது சந்தை மலாய். மலாய்க்காரரும் சீக்கியரும் சீனரும் தமிழரும் மீன் கடையிலும் துறைமுகத்திலும் பேசிக்கொண்ட மொழி. என் அப்பா மலாய் படித்தவரில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் அந்தக் காட்சியில் ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரியும். பக்கத்து வீட்டு மலாய் அம்மா மாக்சிக்கும் அவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். இலக்கண மலாயில் எழுதியிருந்தால் அப்பா வெளியே நின்றிருப்பார்.

கே: அந்த மூவர் யார்? நிஜப் பெயரிலேயே நடித்தார்களா?

ஏறத்தாழ அப்படித்தான். பி. ரம்லி ‘ரம்லி’யாகவும், எஸ். ஷம்சுடின் ‘சுடின்’ ஆகவும், அஜிஸ் சத்தார் ‘அஜிஸ்’ ஆகவும் வருகிறார்கள். 1957-இல் வந்த முதல் ‘பூஜாங் லாப்போக்’ படத்திலிருந்தே இந்த வழக்கம். ஒருவர் பெயரை ஒருவர் மறந்து சொல்லிவிட்டால்கூட மறுபடி எடுக்க வேண்டியதில்லை, சுருளும் மிச்சம். ரசிகர்களுக்கோ இவர்கள் பாத்திரங்களாகத் தெரியாமல், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் போலானார்கள். எஸ். ஷம்சுடின் 2013-இலும் அஜிஸ் சத்தார் 2014-இலும் காலமானார்கள். பி. ரம்லி 1973-இலேயே போய்விட்டார், வயது 44.

கே: சலோமா இந்தப் படத்தில் இருக்கிறாரா?

இருக்கிறார், ‘சல்மா’ என்ற பெயரில். அதுவே அவர் இயற்பெயரும்கூட. சிங்கப்பூரில் பிறந்தவர். படம் வந்த அதே 1961-இல் அவரும் பி. ரம்லியும் திருமணம் செய்துகொண்டார்கள்.

கே: இதே வரிசையில் எத்தனை படங்கள்?

நான்கு. ‘பூஜாங் லாப்போக்’ (1957), ‘பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்’ (1959), ‘அலி பாபா பூஜாங் லாப்போக்’ (1961), பிறகு இந்தப் படம். இரண்டாவது, 1959-இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்வானது.

மூன்றாவதை நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். நடித்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் வந்தது; முழுநீள வண்ணப் படமாக வந்த முதல் தமிழ்ப் படம். ஐந்து ஆண்டு கழித்து அதே கதையைப் பாலஸ்டியரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். சேலத்தில் பளபளப்பும் பிரமாண்டமும் இருந்தன. இங்கே அவற்றுக்குக் காசில்லை. ஆகவே பாக்தாத் கதைக்குள் இந்தக் காலத்துச் சங்கதிகளை நுழைத்துச் சிரிக்க வைத்தார்கள். கொள்ளைக் கூட்டத் தலைவன் வேடம் பி. ரம்லிக்கு. பணம் இல்லாத இடத்தில் யோசனை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் போதும்.

கே: 1961-இலும் ஏன் கறுப்பு வெள்ளை?

காசுதான். வண்ணத்தில் எடுக்கத் தெரியாமல் இல்லை. 1956-இல் பணி மஜும்தார் இயக்கிய ‘ஹங் துவா’ ஈஸ்ட்மன் கலரில் வந்த படம். ஆனால் அது சரித்திரப் பெரும்படம். மூன்று வெட்டிப் பையன்களின் கதைக்கு யாரும் அந்தச் செலவைச் செய்ய மாட்டார்கள். தமிழிலும் அந்த ஆண்டுகளில் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான்.

கே: ஷாவுக்குப் போட்டி இருந்ததா?

கேத்தே-கெரிஸ். ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் 1953-இல் தொடங்கியது. லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து நடத்தினார்கள். பேய்ப் படம் அவர்கள் கோட்டை. பி.என். ராவின் ‘பொந்தியானாக்’ அங்கே எடுத்ததுதான். அதில் சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) விற்பவராக வந்து மக்களைச் சிரிக்க வைத்தவருக்கு அதன் பிறகு பெயரே வாஹிட் சாத்தே என்றாகிவிட்டது.

நகைச்சுவையில் அவர்களுக்கு மாட் செந்தோல் இருந்தார். ஜேம்ஸ் பாண்டைக் கிண்டல் செய்து 1967-இல் வந்த ‘மாட் பாண்ட்’ அவருடையது. கேமராவில் கண்கட்டு வித்தை காட்டுவதில் அவருக்கு அபாரப் பிரியம். கணினி இல்லாத காலத்தில் சுருளை நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஒட்டி, வெட்டிச் செய்த வித்தைகள் அவை. சிறுவர்களுக்கு இன்றும் பிடிக்கிறது.

வருத்தமான செய்தியும் உண்டு. ‘பொந்தியானாக்’ 1957 படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. ஹோ ஆ லோக் அதை ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்வார்கள். ‘சாலிவாகனன்’ இயக்குநர் இங்கே செய்த மிகப் பெரிய வேலையை நாம் இனிப் பார்க்கவே முடியாது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. தப்பிப் பிழைத்த கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களை ஆசியத் திரைப்படக் காப்பகம் பாதுகாக்கிறது. அந்தத் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில், ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பட்டியலில் இடம்பெற்றது.

கே: ஜாலான் அம்பாஸ் ஏன் மூடியது?

ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. 1963-இல் சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு மலேசியா அமைவதற்கு இந்தோனேசியாவின் எதிர்ப்புப் போக்கு தொடங்கி அந்தச் சந்தை அடைபட்டது. வெளியிலிருந்து வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. தேக்கா பக்கம் நம் ஆட்களும் அவற்றுக்குத்தான் வரிசை பிடித்தார்கள். பி. ரம்லி 1964-இல் ‘தீகா அப்துல்’ படத்தோடு சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்குப் போனார். அச்சாணி கழன்ற பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடும்? 1967-இல் கதவை மூடினார்கள். கேத்தே-கெரிஸும் 1970களின் தொடக்கத்தில் நின்றது.

‘பிரியா’வும் (1978) ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் (1979) சிங்கப்பூரில் எடுக்கப்பட்டபோது இரண்டு ஸ்டூடியோக்களும் இல்லை. அந்தப் படங்களில் தெரியும் சிங்கப்பூரில் தெருக்கள் இருக்கின்றன, கட்டடங்கள் இருக்கின்றன. இங்கே ஒரு காலத்தில் படத்தொழில் இருந்ததற்கான அடையாளம் இல்லை.

கே: இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

வெளியிலிருந்து பார்க்கலாம். கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே போக அனுமதியில்லை, தனியார் இடம். தேசிய மரபுடைமைக் கழகத்தின் பாலஸ்டியர் மரபுடைமைப் பாதையில் அது ஒரு நிறுத்தம். நொவீனா அல்லது தோ பாயோ நிலையத்திலிருந்து பேருந்து எடுத்தால் சீக்கிரம். வெயில் தாழ்ந்து போங்கள்.

சாலையின் பெயரையும் கவனியுங்கள். ‘அம்பாஸ்’ என்றால் சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கை. 1830களில் அமெரிக்கத் தூதர் ஜோசப் பாலஸ்டியர் அந்தப் பகுதியில்தான் கரும்புத் தோட்டம் போட்டிருந்தார்.

கே: மலாய் தெரியாத பிள்ளைகளுக்குக் காட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகக் காட்டலாம். ஆனால் முதலில் முழுப் படத்தையும் போடாதீர்கள். வசனம் மனப்பாடம் செய்யும் இரவுக் காட்சியை மட்டும் போடுங்கள். அதற்கு மொழி வேண்டாம். டிரம்பெட், மோட்டார் சைக்கிள், சண்டை, மூன்று தலைகள். மேல்மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடும்போது வீட்டுப்பாடம் எழுதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பிள்ளைக்கு அது உடனே புரிந்துவிடும். என் மகள் எட்டு வயதில் அந்தக் காட்சியை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள். அடுத்த வாரம் வாசல் காட்சி. ஜாகா என்ன கேட்கிறார் என்பதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். அதற்குள் அவர்களே முழுப் படத்தையும் கேட்பார்கள்.